அடி வெட்டிய போர்ட்டாஃபில்டர்: கொடைக்கானல் வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ

வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வைத்திருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "பாட்டம்லெஸ் மாட்டினா காபி நல்லா வருமா?" தூளை நிரப்பி மெஷினில் மாட்டுகிற, கைப்பிடி வைத்த கரண்டி போன்ற பாகம்தான் போர்ட்டாஃபில்டர்; அதில் அடி இல்லாதது பாட்டம்லெஸ். அதை மாட்டியதால் மட்டும் நன்றாக வராது. ஆனால் காபி ஏன் நன்றாக வரவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு, தாண்டிக்குடிப் பக்கத்துக் காபிக் கொட்டையை வைத்து, குளிரோடும் மூட்டத்தோடும் மல்லுக்கட்டி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண போர்ட்டாஃபில்டரில், தூள் நிரப்புகிற பாஸ்கெட்டுக்குக் கீழே ஒரு கிண்ணமும் அதிலிருந்து இரண்டு மூக்கும் இருக்கும். பாஸ்கெட்டின் ஒரு பக்கம் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனாலும், மறுபக்கம் தூள் சரியாக நனையாமலே கிடந்தாலும், எல்லாம் அந்தக் கிண்ணத்தில் கலந்து மூக்கு வழியாக அடக்கமாக இறங்கும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, குடிக்கிறவருக்குத்தான் தெரியும். பாட்டம்லெஸ்ஸில் கிண்ணமும் கிடையாது, மூக்கும் கிடையாது. பாஸ்கெட்டின் அடி அப்படியே திறந்து கிடக்கும். எந்த ஓட்டையில் எப்போது காபி வருகிறது என்று குனிந்தால் பார்க்கலாம்.

கடையில் வாங்குவதென்றால் 58, 54, 51 மி.மீ. என்று உங்கள் மெஷினின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்தாலும், மெஷினில் மாட்டுகிற காதுகளின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். என்னுடையது 58. மெஷினோடு வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, உபரியாகக் கையில் இருந்த பழையது ஒன்றை வத்தலக்குண்டில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியை எடுத்துட்டா காபி எதுல சார் நிக்கும்?"

"நிக்க வேண்டாம்ணே, கீழதான் விழணும்."

"அப்ப எதுக்கு இவ்வளவு கனமா செஞ்சிருக்கான்?"

நியாயமான கேள்வி. அந்தக் கனம் சூட்டைப் பிடித்து வைக்க. அதைப் பிறகு சொல்கிறேன். கைப்பிடியைக் கழற்றி, சக்கில் பிடித்து, மெதுவாக ஓட்டி அடியை வெட்டி எடுத்தார். குரோம் பூச்சுக்கு உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. பிசிறு போக அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். இப்படி வெட்டக் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாஸ்கெட்டைப் பிடித்து நிறுத்துகிற கம்பி வளையம் உட்காரும் பள்ளத்தை டூல் தொடக் கூடாது. அது போனால் பாஸ்கெட் நிற்காது. வெட்டிய விளிம்பில் காபி படவும் கூடாது. பட்டால் வெட்டிய அகலம் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது பாஸ்கெட். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடி முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிந்தால் ஒற்றைச் சுவர். உள்ளே நிறைய ஓட்டை, வெளியே ஒரே ஒரு ஊசித் துவாரம் என்றால் அது இரட்டைச் சுவர், பிரஷர் பாஸ்கெட். விலை குறைந்த மெஷின்களோடு பெரும்பாலும் இதுதான் வரும். எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துவாரம் பீய்ச்சி நுரை காட்டிவிடும். இதைப் பாட்டம்லெஸ்ஸில் மாட்டிப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒற்றைச் சுவருக்கு மாறியதும் தூள் பிரச்சினை ஆரம்பிக்கும். ஃபில்டருக்கென்று கடையில் அரைத்துத் தருகிற தூள் எஸ்பிரெஸ்ஸோவுக்குப் போதாது, அது கொஞ்சம் பருமன்; தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். சிக்கரி கலந்த தூள் வேண்டவே வேண்டாம். சிக்கரி தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரையும். டிகாஷனுக்கு அதனால் ஒரு கெட்டி கிடைக்கிறது, சரி. எஸ்பிரெஸ்ஸோவின் 9 பார் அழுத்தத்தில் அதே சரக்கு பிசுபிசுவென்று ஆகி பாஸ்கெட்டை அடைத்துக்கொள்ளும். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவும் பாதி நொய்யுமாக இருக்கும். ஆகவே காசு செலவழிப்பதென்றால் முதலில் கிரைண்டருக்கு. எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்ற பர் (கொட்டையை நசுக்கி அரைக்கும் பல் சக்கரம்) உள்ள கைக் கிரைண்டர் போதும். தோள் கொஞ்சம் வலிக்கும், கொடைக்கானல் காலைக்கு அதுவும் நல்லதுதான். அப்புறம் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி என்பது நான் தொடங்கிய கணக்கு. வேதவாக்கு இல்லை, எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிய ஒரு கோடு வேண்டுமே, அதற்காக.

முதல் சில நாள்கள் அடுப்படிச் சுவர், மெஷினின் முகப்பு, என் சட்டை மூன்றிலும் காபி. அம்மா துணியோடு வந்து நின்று, "ரெண்டு சொட்டுக் காபிக்கு நாலு தடவை தொடைக்கணுமாடா?" என்றார். அவருக்குப் பித்தளை ஃபில்டரும் டவரா செட்டும் இருக்கிறது, இந்தப் பஞ்சாயத்து எதுவும் தேவையில்லை.

அப்படித் தெறிப்பதற்குப் பெயர் சேனலிங். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், வயலில் நிற்க வேண்டிய தண்ணீர் முழுக்க அது வழியே ஓடிவிடும். பாஸ்கெட்டுக்குள்ளும் அதே கதைதான். அழுத்திய தூளில் எங்காவது இளக்கம் இருந்தால் தண்ணீர் அங்கே பாய்கிறது, பாயப் பாய வழி அகலமாகிறது. அந்த வழியில் இருக்கும் தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும். மற்ற இடத்துத் தூள் அரைகுறையாகக் கரைந்து புளிக்கும். ஒரே மடக்கில் இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடியைப் பார்க்க வேண்டிய முக்கியமான நேரம், பம்ப் போட்டதும் வருகிற முதல் பத்து விநாடி. சரியாக அமைந்த ஷாட்டில், அதாவது ஒரு தடவை காபி இறக்குவதில், ஐந்தாறு விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு அடி முழுக்க, ஓரத்திலும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், கருஞ்சிவப்பாகத் துளிகள் அரும்பும். அவை பெருத்து ஒன்றோடொன்று ஒட்டி, நடுவை நோக்கி நகர்ந்து, ஒரே தாரையாகச் சேரும். கருமை மெல்ல மெல்லப் பழுப்பாகி, கடைசியில் வெளிறும். இது நடக்காதபோது எங்கே நடக்கவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது.

என் வீட்டில் அதிகம் தொல்லை கொடுத்தது ஓர வளையம். ஓரத்தில் முதலில் ஈரம் சுற்றிக்கொண்டு வரும், நடு காய்ந்தே கிடக்கும். தண்ணீர் தூளுக்குள் போகாமல் பாஸ்கெட் சுவரை ஒட்டி இறங்குகிறது என்று பொருள். தூளை அழுத்துவதற்கென்று மெஷினோடு வந்த பிளாஸ்டிக் டேம்பர் பாஸ்கெட்டைவிடச் சிறியது. அழுத்திய பிறகு விரலால் தடவினால் ஓரத்தில் ஒரு வளையம் அளவுக்குத் தூள் அழுந்தாமல் உதிரியாகவே நின்றது. பாஸ்கெட்டுக்குச் சரியாக உட்காரும் 58.5 மி.மீ. டேம்பர் வந்ததும் வளையம் பெரும்பாலும் அடங்கியது. மிச்சம் இருந்தது பழக்கதோஷம். அழுத்தி முடித்ததும், ஓரத்தில் ஒட்டிய தூளை உதிர்க்க டேம்பராலேயே பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவோம் இல்லையா, அந்தத் தட்டில் தூளுக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விட்டுவிடுகிறது. இப்போது தட்டுவதில்லை, விளிம்பை விரலால் துடைப்பதோடு சரி. மெஷினில் மாட்டும்போதும் இடிக்காமல் மாட்டுகிறேன்.

ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு வந்தால், தூள் ஒரு பக்கம் குவிந்திருக்கிறது அல்லது டேம்பர் சாய்ந்திருக்கிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் டேம்பரின் அடியோடு சேர்த்துப் பிடித்து, பாஸ்கெட் விளிம்பு இரண்டு விரலுக்கும் ஒரே உயரத்தில் படுகிறதா என்று பார்த்து அழுத்தினால் சாய்வு போகும். ஆனால் இதில் ஒரு குழப்பம் உண்டு. துளிகள் அடி முழுக்க ஒழுங்காக அரும்பி, அதற்குப் பிறகு தாரை மட்டும் எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கினால் தப்பு தூளில் இல்லை, மேடையில். மலை வீடுகளில் மட்டமான தளம் கிடைப்பது அபூர்வம். கொத்தனார் ரசமட்டத்தை வாங்கி மெஷின் மேல் வைத்துப் பார்த்தேன், குமிழி ஒரு ஓரமாகப் போய் நின்றது. முன்கால் ஒன்றின் கீழ் ரப்பர்த் துண்டு வைத்தேன். தாரை நடுவுக்கு வந்தது. காபியின் ருசி துளியும் மாறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊசி ஊசியாகப் பீய்ச்சி அடிப்பது கட்டிகளால். கிரைண்டரிலிருந்து விழும் மென்தூள் கட்டிகட்டியாகச் சேரும். மேலே சமன் செய்து அழுத்தினாலும் உள்ளே கட்டி இருக்கும் இடம் இறுகலாகவும், கட்டிகளுக்கு இடையே இளக்கமாகவும் இருக்கும். இதற்கு ஜான் வைஸ் என்பவர் 2005ல் சொன்ன வழிதான் இன்றைக்கும் எல்லோரும் செய்வது: மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிவிடுவது. அவர் பெயராலேயே வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக், சுருக்கமாக டபிள்யூ.டி.டி. என்பார்கள். ஊசி 0.3, 0.4 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். தையல் ஊசி தடிமன், தூளில் பள்ளம்தான் பறிக்கும். கிட்டாரின் மிக மெல்லிய கம்பியைத் துண்டுகளாக நறுக்கி ஒரு கார்க்கில் செருகி வைத்திருக்கிறேன். முதலில் பாஸ்கெட்டின் அடியைத் தொடும்படி ஆழமாகச் சுற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து கடைசியில் மேற்பரப்பை மட்டும் லேசாக. மேலாகக் கிளறி அழகு பார்ப்பவர்களுக்கு அடியில் இருக்கும் கட்டி அப்படியே இருக்கும். தூளின் மேல் வைத்துச் சுற்றுகிற உலோக டிஸ்ட்ரிபியூட்டர்களைப் பற்றி என் அபிப்பிராயமும் இதேதான். மேலே கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும், உள்ளே போகாது. அந்தக் காசுக்கு நல்ல கொட்டை வாங்கலாம்.

இரண்டு சின்ன விஷயம். அடியில் ஒரே இடம் தினமும் காய்ந்து கிடந்தால், பாஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்த ஓட்டைகள் எண்ணெய் ஏறி அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஷாட்டின் பாதியில், மற்ற இடமெல்லாம் கருப்பாக இருக்க, ஒரு கோடு மட்டும் மஞ்சளாக வெளிறினால் அங்கே சேனல் திறந்துவிட்டது. கோப்பையை எடுத்தாலும் போன ருசி வராது, அடுத்த ஷாட்டுக்குக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அழுத்துவதில் பலம் காட்டத் தேவையில்லை. தூள் இனி அழுந்தாது என்ற நிலைக்கு வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் தொங்கினாலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. வேகமாக இறங்கினால் கிரைண்டரை ஒரு கிளிக் (அரைப்பு அளவில் ஒரு படி) நைசாக்குங்கள், சொட்டாமல் அடைத்தால் ஒரு கிளிக் பருமனாக்குங்கள். டேம்பரை வைத்து வேகத்தைத் திருத்தப் பார்த்தால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று போகும்.

அளவுக்கு மீறித் தூள் போடுவதும் கெடுதல்தான். தண்ணீர் பட்டதும் தூள் உப்பும். மேலே இடம் இல்லையென்றால் மெஷினின் சல்லடையில் முட்டி விரிசல் விடும். அழுத்திய தூளின் மேல் ஒரு 5 ரூபாய் நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் விடாமல். நாணயம் தூளுக்குள் அழுந்தியிருந்தால் அரை கிராம், ஒரு கிராம் குறைத்துக்கொள்ளலாம். என் பாஸ்கெட்டில் 18 என்று எழுதியிருந்தாலும் 17.5தான் ஒத்துவருகிறது.

இனி மலை விஷயம். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். எஸ்பிரெஸ்ஸோவுக்குச் சொல்கிற சூடும் ஏறக்குறைய அதேதான். பாஸ்கெட்டுக்குள் 9 பார் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் அங்கே கொதிக்காது, அதனால் காபிக்கு ஒரு பாதகமும் இல்லை. குழப்பம் வருவது போர்ட்டாஃபில்டர் இல்லாமல் வெறுமனே தண்ணீரைத் திறந்துவிடும்போது. ஆவியோடு சீறிக்கொண்டு விழும். சென்னையில் இப்படிச் சீறினால் மெஷின் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், சீறல் அடங்கிய பிறகும் கொஞ்சம் ஓட்டி ஆறவைக்கச் சொல்வார்கள். இங்கே அந்த யோசனையைக் கேட்டால் சூடு தேவைக்குக் கீழே போய்விடும். கொடைக்கானலில் சீறல் அடங்குகிற இடமே காபி போடுகிற சூடுதான், அங்கேயே நிறுத்திவிட்டு மாட்டிவிடலாம். நீலகிரியில் ஊட்டிக்காரர்களுக்கும் இதே கணக்கு, அவர்கள் இன்னும் கொஞ்சம் உயரம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உயரம் குறைய, கொதிநிலை அதற்கேற்ப ஏறும். உத்தேசமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி.

பட்டறைக்காரர் கேட்ட கனத்தின் பதில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் கிடைக்கும். அந்தக் குளிரில் மேடையில் கிடந்த பித்தளையை எடுத்து அப்படியே தூள் போட்டு மாட்டினால், தண்ணீரின் சூட்டை முதலில் அதுவே குடித்துவிடும். காபி அப்பட்டமாகப் புளிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அடியில் ஒரு குறையும் தெரியாது. துளிகள் சீராக அரும்பி, தாரை அழகாகச் சேர்ந்து, படம் பிடித்து வைக்கலாம் போல இருக்கும். வாயில் வைத்தால் எலுமிச்சை. பாட்டம்லெஸ் காட்டுவது தண்ணீர் போன வழியை மட்டும்தான், சூட்டைக் காட்டாது. குளிர்காலத்தில் போர்ட்டாஃபில்டரை மெஷினில் மாட்டியபடியே அரை மணி நேரம் சூடேற விடுகிறேன். கோப்பையையும் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவேன்.

மூட்டம் இறங்கும் மாதங்களில் கொட்டையும் ஈரம் இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்துவிடும் ஊர் இது. கிரைண்டரின் வாயில் கொட்டையைக் கொட்டி வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, இறுக்கமான டப்பாவில் வைத்து, போடுகிறபோது 17.5 கிராம் மட்டும் எடைபோட்டு அரைக்கிறேன். அப்படியும் மழைநாளில் ஒரு கிளிக் மாற்ற வேண்டிவரும். வெயில் காய்கிற வறண்ட நாள்களில் தூள் கிரைண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டு பறக்கும். அரைக்கும் முன் கொட்டையில் ஈரவிரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும்.

தாண்டிக்குடியில் என் மச்சானுக்குக் காபித் தோட்டம். சில்வர் ஓக் நிழல், மரத்தில் மிளகுக் கொடி, கீழே அரபிகா என்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் வழக்கமான அமைப்பு. பறிப்பு முடிந்ததும் பையில் போட்டு அனுப்புவார். "நேத்துதான் வறுத்தது மாப்ள, உடனே போட்டுக் குடி" என்பார். ஃபில்டருக்கு அது சரி. எஸ்பிரெஸ்ஸோவுக்குப் புதிதாக வறுத்த கொட்டை தொல்லை. உள்ளே கரியமில வாயு நிறைய இருக்கும், தண்ணீர் பட்டதும் அது வெளியே வரத் துடிக்கும். அடியில் தாரை சேராமல் நுரைத்து நுரைத்து, விட்டுவிட்டு விழும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் நுரை இன்னும் பொங்கும். மலை ஏறும்போது காரில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதற்கும் இதே காரணம்தான். ஆகவே கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்குக் கிரீமா என்கிற மேல்நுரை நின்றால் நல்ல காபி என்று இங்கே முடிவு செய்ய முடியாது. வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆறவிட்டால் அதே கொட்டை அடியில் ஒழுங்காக நடந்துகொள்ளும். மச்சானிடம் வறுத்த தேதியைப் பையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

குனிந்து குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். ஒரு சின்ன ஷேவிங் கண்ணாடியைச் சொட்டுத் தட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தால் நின்றபடியே அடி முழுக்கத் தெரியும். ஃபோனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்ப்பதும் உதவும், முக்கியமாக எந்தப் பக்கம் முதலில் அரும்பியது என்பதை. ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். கிரைண்டையும் எடையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. எப்போதாவது ஒரு மெல்லிய பீய்ச்சல் வந்தால் அதற்காகக் காபியைக் கொட்ட வேண்டாம். குடித்துப் பாருங்கள், ருசி நன்றாக இருந்தால் சுவரைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

விருந்தாளி வந்தால் மூக்கு உள்ள பழைய போர்ட்டாஃபில்டர்தான், இரண்டு கோப்பைக்குப் பிரித்து விட வேறு வழியில்லை. அப்புறம், சொட்டு பாஸ்கெட்டின் அடியிலிருந்து வராமல் போர்ட்டாஃபில்டரின் வெளிச் சுவரில் வழிந்து வந்தால் தூளைத் திட்ட வேண்டாம். மேலே மெஷினில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், இறுகிப்போயிருக்கும். மூக்கு உள்ளதில் இந்த ஒழுகல் எளிதில் கண்ணில் படாது, பாட்டம்லெஸ்ஸில் நேராகக் கோப்பைக்குள்ளேயே விழுந்து காபியை நீர்க்கச் செய்யும். கேஸ்கெட்டின் உள்விட்டம், தடிமன் இரண்டையும் அளந்து குறித்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் மலைக்குப் பார்சல் வருவதற்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.